எலும்பு, மூட்டு, தசை: வேலூர் மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

வேலூரில் 24 ஆண்டுகள் செவிலியர், பிசியோதெரபி மாணவர்களுக்கு உடற்கூறியல் கற்பித்துவிட்டு, இப்போது தொரப்பாடியில் ஓய்வாக இருக்கிறேன். கேள்வி அனுப்பிய எல்லோருக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். படிக்கும்போது ஒரு கையாவது சும்மா இருக்கட்டும். அடிக்கடி தொட்டுப் பார்க்கச் சொல்வேன்.

டீச்சர், 206 எலும்புகளின் பெயரையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா? தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. (பதினோராம் வகுப்பு மாணவி, குடியாத்தம்)

பயப்படாதே கண்ணு. 206 என்பது எண்ணிக்கை. அத்தனை பெயர்கள் கிடையாது. ஒரு கையில் மணிக்கட்டுக்கு 8, உள்ளங்கைக்கு 5, விரல்களுக்கு 14, ஆக 27. ஒரு பாதத்தில் 26. இரண்டு கைகளும் இரண்டு பாதங்களும் சேர்ந்தால் 106. பாதிக்கு மேல் அங்கேயே முடிந்துவிட்டது. விலா எலும்புகள் 24, முதுகெலும்புத் தொடரில் 26, மண்டையிலும் முகத்திலும் 22. மிச்சம் 28 தான். அவற்றில் காதுக்குள் இருப்பவை ஆறு. மற்றவை பெரும்பாலும் நீ விரலால் தொடக்கூடியவை.

காரை எலும்பிலிருந்து தொடங்கு. கழுத்துக்குக் கீழே, தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. நடுமார்பிலிருந்து தோள் வரை விரலை நகர்த்திக்கொண்டே போ. அதன் வளைவு தெரியும். தாயின் வயிற்றில் முதலில் எலும்பாகத் தொடங்குவது இதுதான். ஆனால் இதன் வளர்ச்சி முழுமையடைய இருபது வயதுக்கு மேல் ஆகிறது. தொட்ட எலும்பின் பெயர் மறக்காது.

காதுக்குள் இருக்கும் மூன்று எலும்புகளின் வரிசை எப்போதும் குழம்புகிறது. (பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், ஆற்காடு)

செவிப்பறையிலிருந்து உள்ளே போகும் வரிசையில் சுத்தி, பட்டடை, அங்கவடி. கொல்லர் பட்டறையில் சுத்தி பட்டடை மேல்தானே விழும்? அதை நினைவில் வைத்துக்கொள். அங்கவடி என்பது குதிரை ஏறுபவர் கால் வைக்கும் வளையம். உடம்பின் மிகச் சிறிய எலும்பு அதுவே. ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்.

தசைநார், தசைநாண் இரண்டும் ஒன்றா? ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொரு மாதிரி சொல்கிறது. (நர்சிங் முதலாண்டு மாணவி, காட்பாடி)

குழப்பம் உங்களுடையதல்ல, சொல்லுடையது. விளையாட்டு வீரருக்கு முட்டியில் 'தசைநார் கிழிந்தது' என்று பத்திரிகை எழுதினால், அங்கே குறிப்பது லிகமெண்டை. 'தசைநார் சிதைவு நோய்' என்று எழுதினால், அங்கே சிதைவது தசை. ஒரே சொல்லை இரண்டு வெவ்வேறு பொருள்களுக்கு வைத்துவிட்டோம். எனக்கு இது நீண்டநாள் வருத்தம்.

தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். எலும்பை எலும்போடு கட்டுவது லிகமெண்ட். வகுப்பில் நான் இந்த இரண்டு சொற்களை மட்டுமே பயன்படுத்தினேன். குதிகாலுக்கு மேலே பின்பக்கம் இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். கயிறு போல் கெட்டியாக இருப்பது கெண்டைக்கால் தசையின் தசைநாண். நுனிக்காலில் நின்றால் அது விறைக்கும். தசை இழுப்பதால் வரும் விறைப்பு அது. லிகமெண்ட் தானாகச் சுருங்காது. மூட்டு எல்லை மீறாமல் தடுத்து நிற்கும், அவ்வளவுதான்.

முன்கையில் இரண்டு எலும்புகள் எதற்கு, மேடம்? மேற்கையில் ஒன்றுதானே இருக்கிறது? (பிசியோதெரபி மாணவர், பாகாயம்)

நல்ல கேள்வி. சாவியைத் திருப்பவும், சாதத்தை அள்ளி வாய்க்குக் கொண்டுபோகவும் அந்த இரண்டாவது எலும்பு வேண்டும். முழங்கை முனையிலிருந்து சுண்டுவிரல் பக்கமாக மணிக்கட்டு வரை விரலை இழுங்கள். தடையில்லாமல் தெரியும் விளிம்பு அல்னா என்ற எலும்பினுடையது. கட்டைவிரல் பக்கம் இருப்பது ஆர எலும்பு. உள்ளங்கையை மேலே பார்க்க வைத்தால் இரண்டும் அருகருகே நிற்கும். கவிழ்த்தால் ஆர எலும்பு அல்னாவின் மேல் குறுக்கே விழும். அல்னா ஏறக்குறைய அசையாது.

இப்போது முழங்கையை மடக்கி, உள்ளங்கையைக் கீழே பார்க்க வையுங்கள். மறு கையை மேற்கையின் முன்தசை மேல் வைத்துக்கொண்டு, உள்ளங்கையை மெதுவாக மேலே திருப்புங்கள். தசை திரண்டு எழுகிறதா? கை மடக்குவதற்கான தசை என்று நாம் படித்த பைசெப்ஸ் அதுதான். அது ஆர எலும்பில் போய்ச் சேருவதால், மடக்குவதோடு திருப்பவும் செய்கிறது. அதற்கு அடியில் இருக்கும் பிரேக்கியாலிஸ் என்ற தசை அல்னாவில் சேர்கிறது. அதனால் மடக்கத்தான் முடியும். வலக்கையால் திருகாணியை முடுக்கும்போது உழைப்பது பைசெப்ஸ். ஒரு தசை என்ன செய்யும் என்று கேட்டால், அது எங்கே போய் ஒட்டுகிறது என்று பாருங்கள். விடை அங்கேயே இருக்கும்.

என் மகன் நாள் முழுவதும் சொடக்கு எடுக்கிறான். மூட்டு தேய்ந்துவிடுமா? (ஒரு தாய், ஆம்பூர்)

தேயாது அம்மா. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயு கரைந்திருக்கிறது. விரலை இழுத்ததும் உள்ளே அழுத்தம் குறைந்து குமிழி உண்டாகிறது, சத்தம் அதனால். அந்த வாயு மறுபடி கரையச் சிறிது நேரம் ஆவதால்தான் உடனே அடுத்த சொடக்கு வருவதில்லை. வலியோ வீக்கமோ இருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தொழுநோயில் விரல்கள் ஏன் பருந்தின் கால் நகம் போல் மடங்கிப்போகின்றன? எலும்பு வளைந்துவிடுகிறதா? (நர்சிங் இரண்டாமாண்டு மாணவர், ராணிப்பேட்டை)

எலும்பு வளையவில்லை தம்பி. இதை வேலூரில் இருந்துகொண்டு கேட்டதில் எனக்கு மகிழ்ச்சி. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

சோற்றைப் பிசைந்து விரல் நுனியால் எடுக்கும்போது உங்கள் கையைப் பாருங்கள். விரல்கள் அடிமூட்டில் மடங்கியிருக்கும். அதற்கு மேலுள்ள கணுக்கள் ஏறக்குறைய நிமிர்ந்திருக்கும். கோலமாவை எடுக்கும் கையும் அப்படித்தான். இந்த நிலையைத் தருவது உள்ளங்கைக்குள் இருக்கும் சின்னத் தசைகள். அவற்றில் நான்கு, மண்புழு போல் இருப்பதால் லத்தீனில் மண்புழுவின் பெயரையே பெற்றவை: லம்ப்ரிக்கல்கள். அவை அடிமூட்டின் முன்புறமாக ஓடி, பிறகு விரலின் பின்புறத்துக்குப் போகின்றன. அதனால் ஒரே இழுப்பில் அடிமூட்டு மடங்கும், மேல் கணுக்கள் நிமிரும். உள்ளங்கை எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் இதற்கு உதவுகின்றன.

முழங்கையின் உட்பக்கம் எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்வது போல் இருக்கிறதல்லவா? அங்கே தோலுக்குக் கீழேயே ஓடுவது அல்னார் நரம்பு. தொழுநோய் அதிகம் தாக்கும் நரம்புகளில் இது ஒன்று. அது செயலிழந்தால் கைக்குள் இருக்கும் சின்னத் தசைகளில் பெரும்பாலானவை ஓய்ந்துவிடும். முன்கையிலிருந்து இழுக்கும் பெரிய தசைகளோ இன்னும் வேலை செய்கின்றன. அவற்றைச் சமன் செய்ய ஆளில்லை. அடிமூட்டு பின்னால் வளைகிறது, மேல் கணுக்கள் உள்ளே மடங்குகின்றன. சோற்றை எடுக்கப் போனால் நகம்தான் முதலில் தட்டில் படும். அந்தக் கையோடு ஒருவர் சாப்பிடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். சோற்றைப் புறங்கையால் தட்டின் ஓரத்துக்குத் தள்ளித் தள்ளிச் சேர்த்தார்.

1946-ல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் இந்தக் கைகளைத்தான் ஆராய்ந்தார். நல்ல நிலையில் உள்ள ஒரு தசையின் தசைநாணை எடுத்து, ஓய்ந்துபோன தசையின் வேலையைச் செய்யும்படி விரலுக்கு மாற்றித் தைக்கும் சிகிச்சையை, தொழுநோயாளிகளுக்கு இங்கே வளர்த்தெடுத்தார். தைத்ததோடு முடியாது. வேறு வேலைக்குப் பழகிய தசை, புது வேலையைக் கற்க வேண்டும். அங்கேதான் பிசியோதெரபி வருகிறது. காட்பாடியை அடுத்த கரிகிரியில் 1955 முதல் தொழுநோய்க்கான ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. தசைநாண் எங்கே ஒட்டுகிறது என்ற சலிப்பான பாடம், ஒரு மனிதருக்குச் சோறெடுக்கும் கையைத் திருப்பிக் கொடுத்த ஊர் இது.

ஆட்டுக்காலை வைத்து மூட்டு படிக்கலாமா? (பதினோராம் வகுப்பு மாணவர், வாணியம்பாடி)

தாராளமாக. பாயாவுக்கு வாங்கும்போது ஒரு மூட்டை வெட்டாமல் கேட்டு வாங்கு. திறந்து பார்த்தால் எலும்பு முனையில் நீலம் கலந்த வெள்ளையாக ஒரு பூச்சு பளபளக்கும். அது குருத்தெலும்பு. விரலால் தேய்த்துப் பார், வழுக்கும். அதில் இரத்தக்குழாய் இல்லை. உணவு மூட்டுத் திரவத்திலிருந்துதான் கிடைக்கிறது. அதனால்தான் கிழிந்தால் எளிதில் ஆறுவதில்லை.

ஆட்டின் பின்காலில் பின்பக்கம் துருத்திக்கொண்டு இருப்பதை முட்டி என்று நினைத்துவிடாதே. அது குதிகால். ஆடு எப்போதும் நுனிக்காலில் நிற்கிறது.

இன்னொன்று. சுத்தம் செய்த கோழி எலும்பை வினிகரில் சில நாள் ஊறவை. சுண்ணாம்புச் சத்து கரைந்து, ரப்பர் போல் வளையும். மிச்சம் இருப்பது கொலாஜன் என்ற நார்ப்புரதம். எலும்புக்கு உறுதி ஒன்றால், உடையாத தன்மை மற்றொன்றால்.

சோளிங்கர் மலை ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கிய மறுநாள் தொடை கடுகடுக்கிறது. ஏன்? (கல்லூரி மாணவி, வாலாஜாபேட்டை)

ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உங்களைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. நீளும்போது பாரம் தாங்குவது தசை இழைகளை நுண்ணளவில் சேதப்படுத்தும். வலி ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய்த் தணியும். இந்த வலிக்குக் காரணம் லாக்டிக் அமிலம் என்று சொல்வார்கள். ஆனால் அது உழைப்பு முடிந்த ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே வெளியேறிவிடும்.

எங்கள் பக்கம் எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டுக்குத்தான் போவார்கள். கட்டினால் சேர்ந்துவிடுகிறதே, டீச்சர்? (நர்சிங் மாணவி, கே.வி.குப்பம்)

சேர்வது கட்டினால் அல்ல மகளே, எலும்பு உயிருள்ளது என்பதால். முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. பிறகு மென்மையான குருத்துப் பாலம், பல வாரங்களில் கெட்டியான எலும்பு, பிறகு பல மாதங்களாகச் செதுக்கல். புத்தூரின் பச்சிலைக் கட்டோ மருத்துவமனையின் மாவுக்கட்டோ, அது முறிந்த முனைகளை நேராகப் பிடித்து வைக்கிறது. நேராக இல்லாவிட்டாலும் எலும்பு சேரும், கோணலாகச் சேரும். எக்ஸ்ரே பார்க்காமல் எந்தக் கட்டும் போடக் கூடாது என்று நான் சொல்வது அதனால்தான்.

குழந்தை விழுந்து முழங்கைக்குச் சற்று மேலே முறிந்தால் இன்னும் கவனம் தேவை. கைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அந்த எலும்பை ஒட்டியே போகிறது. இறுக்கிக் கட்டி உள்ளே வீங்கினால், இரத்தம் போகாமல் சில மணி நேரத்தில் முன்கைத் தசைகள் இறக்கத் தொடங்கும். அப்படிச் சுருங்கிய கை பழையபடி விரியாது. எனவே எந்தக் கட்டாக இருந்தாலும் விரல் நுனிகளைப் பாருங்கள். வெளுத்திருக்கிறதா, சில்லென்று இருக்கிறதா, மரத்துப்போயிருக்கிறதா? விரலை மெதுவாக நிமிர்த்தினால் குழந்தை அலறுகிறதா? இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கட்டைத் தளர்த்திவிட்டு உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். பொழுது விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.