நாய்க்குட்டிக்குத் தண்ணீர் வைக்கும் பிள்ளை

கேள்வி: என் 5 வயது மகன் நாய்க்குட்டியின் வேலையெல்லாம் தானே செய்வேன் என்று அடம்பிடிக்கிறான். எதைச் செய்யவிடலாம்? இதால் என்ன பழகுவான்?
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: தண்ணீர் வைப்பதை அவனிடம் விடுங்கள். காலையும் பின்னேரமும் பழைய தண்ணீரை ஊற்றிவிட்டு, சட்டியைத் தேய்த்துக் கழுவி, முக்கால்வாசி நிரப்பட்டும். விளிம்புவரை நிரப்பினால் தூக்கும்போது சிந்தும். அகலமான, பாரமான மண்சட்டி என்றால் குட்டி லேசில் கவிழ்க்காது. வன்னி வெயிலில் சட்டி காய்ந்து கிடந்தால் குட்டி நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும். வாயில்லாச் சீவனுக்கும் தாகம் உண்டென்பது அப்போதுதான் பிள்ளைக்கு விளங்கும். இந்த வயதில் கட்டாயம் மறப்பான். ஏசாமல் வெறுஞ்சட்டியைக் காட்டுங்கள், நீங்களும் ஒருதரம் பாருங்கள்.

உண்ணி பிடுங்குவதும் மலம் அள்ளுவதும் பெரியவர்களின் வேலை. மலத்தில் புழுமுட்டை இருக்கும். குட்டி தின்னும்போதும் உறங்கும்போதும் தொடவே விடாதீர்கள். குட்டிக்கு விசர்நாய்த் தடுப்பூசி போடுங்கள். பல்லோ நகமோ கீறினால், சிறிதென்றாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஏச்சுக்குப் பயந்து பிள்ளைகள் கடியை ஒளிப்பார்கள். சொன்னால் ஏசமாட்டோம் என்று இன்றைக்கே சொல்லிவையுங்கள்.