உங்கள் கால்பந்து அணி ஒரு வாரம் அபாரமாக ஜெயித்து, மறு வாரம் மோசமாகத் தோற்றுக்கொண்டே இருந்தால், ரசிகராக அந்த சீசனை எப்படிக் கடக்கிறீர்கள்?

நான் லண்டன் அணியான டாட்டன்ஹாமின் ரசிகன். 2024-25 சீசனில், இங்கிலாந்தின் முதல் நிலை லீக்கான பிரீமியர் லீக்கில் எங்கள் ஆட்டம் ஒன்றைக்கூட விடாமல் பார்த்தேன். இந்தக் கேள்விக்கு அந்த ஒரு சீசனே போதும், அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. 38 ஆட்டங்களில் 22 தோல்வி. 20 அணிகளில் 17-வது இடம். எங்களுக்குக் கீழே இருந்த மூன்று அணிகளும் பிரீமியர் லீக்கை விட்டே இறங்கிப் போயின. இவ்வளவு தோற்ற அணி எத்தனை கோல் அடித்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? 64. அதே சீசனில் நான்காம் இடத்தில் முடித்த செல்சி அடித்ததும் 64 தான். நாங்கள் வாங்கியது 65. வருஷம் முழுக்கக் கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது ஒரே ஒரு கோல் குறைவு. ஜெயித்தால் நாலு, அஞ்சு என்று அடித்து ஜெயிப்பது, தோற்றால் ஒரு கோல், இரண்டு கோலில் கோட்டை விடுவது. இதுதான் அந்த வருஷம்.

அந்த இலையுதிர் காலத்தை வரிசையாகச் சொன்னால்தான் புரியும். செப்டம்பர் கடைசியில் மான்செஸ்டர் யுனைடெட்டை அவர்களுடைய மைதானமான ஓல்ட் டிராஃபோர்டுக்கே போய் 3-0 என்று அடித்தோம். அடுத்த ஞாயிறு பிரைட்டனில், இடைவேளையின்போது 2-0 என்று முன்னிலை. ஆட்டம் முடிந்தபோது 2-3 தோல்வி. வெஸ்ட் ஹாமை 4-1. உடனே கிரிஸ்டல் பேலஸிடம் 0-1. அந்த சீசன் லீக்கில் அவர்களுக்கு அதுதான் முதல் வெற்றி. ஆஸ்டன் வில்லாவை 4-1. அப்புறம் இப்ஸ்விச்.

இப்ஸ்விச் ஆட்டத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நவம்பர் 10, எங்கள் சொந்த மைதானம். இப்ஸ்விச் 22 வருஷத்துக்குப் பிறகு பிரீமியர் லீக்குக்குத் திரும்பி வந்த அணி. அதுவரை ஆடிய 10 லீக் ஆட்டத்தில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. முதல் கோலை அவர்களுடைய ஆள் அந்தரத்தில் மல்லாந்து, தலைக்கு மேலே காலைத் தூக்கி அடித்தார். இடைவேளைக்குள் 0-2. இரண்டாம் பாதியில் ஒன்று திருப்பினோம், அதோடு சரி. 1-2. அதன் பிறகு தேசிய அணிகளின் ஆட்டங்களுக்காக லீக்குக்கு இரண்டு வாரம் இடைவெளி. தோல்விக்கு அப்புறம் மூன்றாம் நாளே அடுத்த மேட்ச் வந்துவிட்டால் மனசு அதில் போய்விடும். அந்த இரண்டு வாரமும் போக்கிடம் இல்லை. பாயிண்ட்ஸ் டேபிளைத் திறந்து பார்ப்பேன், மூடுவேன். மறுநாளும் அதே டேபிள், அதே இடம்.

பதின்மூன்றாம் நாள் மான்செஸ்டர் சிட்டி, அவர்களுடைய மைதானத்தில். எல்லாப் போட்டிகளையும் சேர்த்து அங்கே 52 ஆட்டமாகத் தோற்காத அணி. ரொமேரோவும் வான் டி வெனும் காயம், கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கும் எங்கள் முதல் தேர்வு சென்டர் பேக் இரண்டு பேருமே இல்லை. நான் எந்த எதிர்பார்ப்பும் வைத்துக்கொள்ளவில்லை. முடிவு 4-0, எங்களுக்கு. மேடிசன் தன் பிறந்தநாளில் இரண்டு கோல் போட்டார். கோல்கீப்பர் விகாரியோ கணுக்கால் எலும்பு முறிந்த நிலையிலேயே அந்த ஆட்டத்தை ஆடி முடித்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்த வாரம் சொந்த மைதானத்தில் ஃபுல்ஹாமோடு 1-1.

எல்லா ஆட்டத்திலும் மோசமாக ஆடும் அணியைத் தாங்கிக்கொள்வது அவ்வளவு கஷ்டம் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எதிர்பார்ப்பு தானாகவே குறைந்துவிடும். ஒரு டிரா கிடைத்தாலே சந்தோஷமாக இருக்கும். சிட்டியை 4-0 என்று அடித்த அணி அப்படி விடாது. இவர்களால் முடியும் என்று கண்ணால் பார்த்துவிட்டோமே, அந்த 90 நிமிஷத்தை மறக்கவே முடியாது. அதனால் அடுத்த தோல்வி இரண்டு மடங்கு வலிக்கும். இந்த மாதிரி சீசனில் ரசிகனுக்கு வருகிற கோபம் எல்லாமே நம்பிக்கையிலிருந்து வருவதுதான். நம்பிக்கை இல்லாதவன் எதற்குக் கோபப்படப் போகிறான்?

காரணங்களும் இருந்தன. கோச் ஆஞ்ச் போஸ்டெகோக்லுவின் ஆட்டமுறையில் டிஃபன்ஸ் வரிசை கிட்டத்தட்ட நடுக்கோட்டை ஒட்டி நிற்கும். பின்னால் அவ்வளவு பெரிய வெற்றிடம். அதைக் காப்பாற்ற வான் டி வென் மாதிரி மின்னல் வேகத்தில் ஓடித் திரும்புகிற ஒருவர் வேண்டும். அவர் தொடைத்தசைக் காயத்தோடு மாதக்கணக்கில் வெளியே இருந்தபோது, 18 வயசு ஆர்ச்சி கிரே சென்டர் பேக்காக நின்றான். அவன் அசல் இடம் நடுக்களம். அந்தப் பையன் ஒவ்வொரு பந்துக்கும் உயிரைக் கொடுத்து ஓடியதை நான் மறக்க மாட்டேன். ஆனால் டிசம்பரில் செல்சியிடம் 2-0 முன்னிலையிலிருந்து 3-4, லிவர்பூலிடம் 3-6 என்று தோற்கும்போது, அதே முறையை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்ற கேள்வி வரத்தான் செய்யும். எனக்கும் வந்தது. ஜனவரியில் என்னைக் கேட்டிருந்தால் கோச்சை மாற்ற வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

என் சித்தப்பா மகன் ஆர்சனல் ரசிகன், என்னைவிட மூன்று வயசு சின்னவன். நாங்கள் தோற்கும்போதெல்லாம் ஸ்கோரை மட்டும் அனுப்புவான், வேறு ஒரு வார்த்தை இருக்காது. பதிலுக்கு நானும் அவன் அணி தோற்கும் நாளுக்காகக் காத்திருப்பேன். ஜனவரி கடைசியில், லீக்கில் வரிசையாக ஏழு ஆட்டம் தோற்றுவிட்டு வந்த லெஸ்டரிடமும் எங்கள் மைதானத்திலேயே 1-2 என்று தோற்றோம். அன்றைக்கு ஸ்கோர் வரவில்லை. "அண்ணா, நல்லா இருக்கியா?" என்று மட்டும் வந்தது. அந்த சீசனில் என்னை அதிகமாகக் கலங்க வைத்தது அதுதான். கேலி செய்கிற அளவுக்குக்கூட எங்கள் அணி இல்லை என்று ஆகிவிட்டதே என்று இருந்தது.

ரசிகர்களுக்கும் அணிக்கும் நடுவே இருந்த விரிசலை ஏப்ரல் தொடக்கத்தில் எல்லோரும் பார்த்தோம். செல்சி மைதானத்தில் 0-1 என்று பின்தங்கியிருந்தோம். இளைஞன் பெர்க்வாலை வெளியே எடுத்து சார் என்ற வீரரை இறக்கினார் கோச். எங்கள் ரசிகர்களே, என்ன செய்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியவில்லை என்று அவரைப் பார்த்துப் பாடினார்கள். கொஞ்ச நேரத்தில் அதே சார் தூரத்திலிருந்து ஒரு கோல் அடித்தார். கோச் ரசிகர்கள் பக்கம் திரும்பி, காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக் காட்டினார். வி.ஏ.ஆர். என்கிற வீடியோ நடுவர் முறையில் பார்த்து அந்த கோலை ரத்து செய்துவிட்டார்கள். 0-1 தோல்வி. நான் அன்று யார் பக்கமும் நிற்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். பாடியவர்கள் பயணம் செய்து, நின்றுகொண்டே பார்த்து, வருஷம் முழுக்கத் தோல்வியைச் சுமந்தவர்கள். அந்த மனுஷனும் அதே தோல்விகளைத்தான் சுமந்துகொண்டிருந்தார்.

சரி, எப்படிக் கடந்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உதவியது ஒன்றே ஒன்று. பிப்ரவரியில் நான்கு நாளுக்குள் இங்கிலாந்தின் நாக்-அவுட் கோப்பைகளான லீக் கப், எஃப்.ஏ. கப் இரண்டும் கைவிட்டுப் போன பிறகு, லீக்கையும், ஐரோப்பிய கிளப்புகள் பெரும்பாலும் வியாழக்கிழமைகளில் மோதும் யூரோப்பா லீக்கையும் மனசில் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைத் தோல்வியை வியாழக்கிழமைக்குக் கொண்டுபோவதில்லை என்று ஒரு முடிவு. ஆட்டம் முடிந்த கையோடு போனில் மற்றவர்கள் கொட்டுகிற கோபத்தைப் படிப்பதையும் நிறுத்தினேன்; என் கோபமே எனக்குப் போதுமானதாக இருந்தது. வியாழக்கிழமைகளில் அணியும் வேறு மாதிரி ஆடியது. அங்கே நாக்-அவுட் சுற்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆட்டம், மொத்த கோல்தான் கணக்கு. ஆல்க்மாரிடம் முதல் ஆட்டத்தில் 0-1, திரும்ப 3-1. ஃபிராங்க்ஃபர்ட்டில் போய் ஒரே ஒரு பெனால்டி கோலில் ஜெயித்து, மீதி நேரம் முழுக்க அடக்கி ஆடினார்கள். ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே இருக்கிற போடோவில், செயற்கைப் புல்லில் 2-0. கோலுக்குக் கோல் என்று ஓடிய அதே அணி, பின்னால் இறங்கி நின்று தடுக்கக் கற்றுக்கொண்டிருந்தது.

மே 21, ஸ்பெயினில் பில்பாவோ நகரம். ஃபைனல். எதிரே மான்செஸ்டர் யுனைடெட். லீக்கில் அவர்கள் 16-வது, நாங்கள் 17-வது. அந்த சீசனில் அவர்களை ஏற்கெனவே மூன்று முறை ஜெயித்திருந்தோம், அதுவே எனக்குப் பயமாகவும் இருந்தது. 42-வது நிமிஷம் எங்கள் பிரென்னன் ஜான்சன் கோல். அழகான கோல் இல்லை. எதிரணி ஆள் மேலே பட்டு, தடுமாறி, உருண்டு உள்ளே போனது. எனக்கு அதைவிட அழகான கோல் இன்னும் கிடைக்கவில்லை.

68-வது நிமிஷம் சொல்கிறேன். விகாரியோ முன்னால் வந்து பந்தைப் பிடிக்கப் போய் நழுவவிட்டார். கோல் காலி. யுனைடெட்டின் ஹோய்லண்ட் தலையால் முட்டிவிட்டார், பந்து வளைந்து உள்ளே போகிறது. சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். அவ்வளவுதான் என்று கண்ணை மூடப் போனேன். கோட்டுக்கு முன்னால் வான் டி வென் பின்பக்கமாக எகிறி, உடம்பு முழுக்க அந்தரத்தில் இருக்க, காலை மட்டும் நீட்டி அந்தப் பந்தை வெளியே கொத்தி எடுத்தார். மாதக்கணக்கில் தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்த அதே ஆள். நவம்பரில், டிசம்பரில் இவர் மட்டும் இருந்திருந்தால் என்று நாங்கள் எத்தனை தடவை சொல்லியிருப்போம்! சோபாவின் கைப்பிடியை அழுத்திப் பிடித்திருந்த என் விரல்கள் கொஞ்ச நேரத்துக்குத் திறக்கவே இல்லை.

1-0. 2008-க்குப் பிறகு முதல் கோப்பை. ஐரோப்பியக் கோப்பை என்று பார்த்தால் 1984-க்குப் பிறகு. தென்கொரியக் கொடியை இடுப்பில் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார் கேப்டன் சன் ஹியூங்-மின். 2015-ல் வந்தவர். 2019-ல் ஐரோப்பாவின் மிகப் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், 2021-ல் லீக் கப் ஃபைனல், இரண்டிலும் தோற்று அதே மாதிரி அழுததைப் பார்த்திருக்கிறோம். அந்த முகம் இந்த முறை வேறு காரணத்துக்காக நனைந்திருந்தது. செப்டம்பரில் ஆர்சனலிடம் 0-1 என்று தோற்ற அன்று, ஒரு அணியில் என் இரண்டாம் வருஷத்தில் நான் எப்போதும் கோப்பை ஜெயிப்பவன் என்று கோச் சொன்னதை ஊரே பிடித்துக்கொண்டு பேசியது. சொன்னதைச் செய்துவிட்டார்.

நான்கு நாள் கழித்து லீக்கின் கடைசி ஆட்டம், சொந்த மைதானத்தில் பிரைட்டனிடம் 1-4. அந்த 22-வது தோல்வியையும் கடைசி வரை பார்த்தேன். ஜூன் 6-ம் தேதி கோச்சை நீக்கிவிட்டார்கள். கோப்பை வாங்கி 16 நாள். 17-வது இடத்தைப் பார்த்தால் அந்த முடிவில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. இருந்தாலும் இன்னொரு வருஷம் கொடுத்திருக்கலாம் என்றே எனக்குப் பட்டது, இன்றும் அப்படித்தான். அந்தக் கோப்பையால்தான் 17-வது இடத்து அணிக்குச் சாம்பியன்ஸ் லீக் இடமே கிடைத்தது.

ஃபைனல் முடிந்த ராத்திரியே சித்தப்பா மகன் போன் பண்ணினான். ரொம்ப நேரம் சன்னைப் பற்றியே பேசினான். அப்புறம் கேட்டான், "அண்ணா, உண்மையைச் சொல்லு. நாலாவது இடமும் கோப்பை இல்லாமலும் ஒரு சீசன், இல்லேன்னா இந்த சீசன். எது வேணும்?" அவன் அணி அந்த வருஷம் இரண்டாம் இடம், கோப்பை இல்லை.

"இதுதான்டா" என்றேன். "இப்ஸ்விச் மேட்சையும் சேர்த்தே."