குழம்பைத் திரும்ப வைக்காதீங்க, தூக்கை மாத்துங்க: லினக்ஸ் வாசகர் கேள்வி பதில்

லினக்ஸ் பத்தி என்ன வேணா கேளுங்கன்னு போன இதழ்ல சொல்லியிருந்தோம், வந்ததுல பாதிக்கு மேல வீடியோ, பாட்டு, கன்வெர்ட் பண்றது பத்திதான். அதனால இந்தத் தடவை பூரா அதுதான். கமாண்ட் எல்லாத்தையும் போன்ல சொல்ற மாதிரி தமிழ்லயே சொல்லியிருக்கேன், டெர்மினல்ல ஆங்கில எழுத்துல அடிச்சுக்குங்க.

கேள்வி: சார், என்னோடது பழைய லேப்டாப், லுபுன்டு போட்டிருக்கேன். எங்க வீட்டு டிவி பென்டிரைவ்ல எம்பி4 மட்டும்தான் எடுக்குது, என்கிட்ட இருக்கிறதெல்லாம் எம்கேவி. ஹேண்ட்பிரேக்ல போட்டா ஒரு படத்துக்கு நாலு மணி நேரம் ஆகுது, லேப்டாப் தோசைக்கல் மாதிரி சுடுது. வேற வழி இருக்கா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: இருக்கு சார், ஒரு நிமிஷத்துல முடியற வழியே இருக்கு. இத மட்டும் புரிஞ்சுக்கிட்டா பாதி தலைவலி போயிடும்: எம்கேவி, எம்பி4, ஏவிஐ இதெல்லாம் தூக்குச்சட்டி மாதிரி. உள்ள இருக்கிற குழம்புதான் கோடெக், அதாவது படத்துக்கு எச்.264, எச்.265, சத்தத்துக்கு ஏஏசி, எம்பி3, ஏசி3 இப்படி. உங்க டிவிக்கு எம்கேவிங்கிற தூக்குதான் ஆகல, உள்ள இருக்கிற குழம்பு அதுக்குப் பிடிச்சதாவே இருக்கலாம். ஹேண்ட்பிரேக் நல்ல சாஃப்ட்வேர்தான், ஆனா அது படத்த எப்பவும் மொதல்லயிருந்து திரும்ப சமைக்கும், அதான் நாலு மணி நேரம், அதான் சூடு. திரும்ப சமைக்கிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தரம் வேற போகும், போனது திரும்பி வராது.

மொதல்ல உள்ள என்ன இருக்குன்னு பாருங்க. எஃப்எஃப்எம்பெக்ங்கிற கன்வெர்ட் பண்ற சாஃப்ட்வேரோட எஃப்எஃப்புரோப்னு ஒரு கமாண்ட் வருது: எஃப்எஃப்புரோப், ஒரு இடைவெளி, ஃபைல் பேரு, என்டர். நிறைய வரி ஓடும், பயப்படாதீங்க, கடைசியில ஸ்ட்ரீம்னு ஆரம்பிக்கிற வரிகள மட்டும் பாத்தா போதும். வீடியோன்னு இருக்கிற வரில எச்264ன்னும் ஆடியோ வரில ஏஏசின்னும் இருந்தா கவலையே இல்ல. எஃப்எஃப்எம்பெக், இடைவெளி, ஹைஃபன் ஐ, இடைவெளி, பழைய ஃபைல் பேரு, இடைவெளி, ஹைஃபன் சி, இடைவெளி, காபி, இடைவெளி, புது ஃபைல் பேரு, முடிவுல புள்ளி எம்பி4. அவ்வளவுதான். பென்டிரைவுக்கு ஃபைல் காபி பண்ற நேரம்தான் ஆகும், ஒரு துளி தரம் குறையாது. சப்டைட்டில்னால எரர் வந்துச்சுன்னா காபிக்கு அப்புறம் ஹைஃபன் எஸ்என் சேத்துக்குங்க, சப்டைட்டில விட்டுட்டு மத்தது வந்துடும்.

உள்ள எச்.265 இருந்து, டிவி பழசா இருந்தா மட்டும் திரும்ப சமைச்சுதான் ஆகணும். அப்ப அதே கமாண்ட்ல ஹைஃபன் சி காபிக்குப் பதிலா ஹைஃபன் சி கோலன் விக்கு லிப்எக்ஸ்264 குடுத்து, ஹைஃபன் சிஆர்எஃப் 20 வைங்க. இந்த நம்பர் குறையக் குறைய தரம் கூடும், ஃபைலும் பெருசாகும், ஒண்ணும் சொல்லலன்னா அது 23 எடுத்துக்கும். ஃபைல் 10 பிட்டா, அதாவது நிறத்த இன்னும் நுணுக்கமா வச்சிருக்கிறதா இருந்தா ஹைஃபன் பிக்ஸ் அண்டர்ஸ்கோர் எஃப்எம்டி, ஒய்யுவி420பின்னு மறக்காம சேருங்க, இது இல்லாம கன்வெர்ட் பண்ணிட்டு டிவி எடுக்கலன்னு எழுதறவங்க நிறைய பேரு. ராத்திரி படுக்கப் போறப்ப ஓட விடுங்க, அடியில காத்து போற மாதிரி லேப்டாப்ப லேசா தூக்கி வைங்க.

இந்த எஃப்எஃப்எம்பெக்க ஃபாப்ரிஸ் பெல்லார்ங்கிற பிரெஞ்சுக்காரர் 2000ல ஆரம்பிச்சாரு. விஎல்சி, ஹேண்ட்பிரேக்னு நாம பயன்படுத்துற எல்லாத்துக்கும் அடியில இதோட லைப்ரரிதான் வேலை செய்யுது, அதனால இத நேரா கத்துக்கிட்டா எதுக்கும் யாரையும் எதிர்பாக்க வேணாம்.

கேள்வி: டிவில படம் நல்லா ஓடுது, சத்தம் மட்டும் வரல. அதே ஃபைல் லேப்டாப்ல சத்தத்தோட ஓடுது. டிவி ரிப்பேரா? (சேலம் வாசகி)

பதில்: டிவில ஒரு கோளாறும் இல்லைங்க, மெக்கானிக்க கூப்பிட்டு காச விடாதீங்க. அந்த ஃபைல்ல சத்தம் அனேகமா டிடிஎஸ்ங்கிற கோடெக்ல இருக்கும், நிறைய டிவி அத எடுக்காது. படத்த தொடாம சத்தத்த மட்டும் மாத்துங்க, மேல சொன்ன எஃப்எஃப்எம்பெக் கமாண்ட்ல ஹைஃபன் சி காபிக்குப் பதிலா இத போடுங்க: ஹைஃபன் சி கோலன் வி காபி, அப்புறம் ஹைஃபன் சி கோலன் ஏ ஏசி3, அப்புறம் ஹைஃபன் பி கோலன் ஏ 640கே. சில நிமிஷத்துல முடிஞ்சிடும்.

கேள்வி: அண்ணா, புதுசா ஃபெடோரா லினக்ஸ் போட்டனான். கேமராவில எடுத்த வீடியோ எதுவும் ஓடுதில்ல, கோடெக் இல்லையெண்டு வருது. பிளாட்பேக்கில விஎல்சி எடுத்துப் போட்டா மட்டும் ஓடுது. ஏன் இப்பிடி? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: தம்பி, நீங்க ஒரு தப்பும் பண்ணல. எச்.264, எச்.265 ரெண்டுக்கும் பேட்டன்ட் இருக்கு, ஃபெடோரா அமெரிக்க கம்பெனி ஆதரவுல நடக்கிறதால அந்த சட்டச் சிக்கல் வேணாம்னு கோடெக்க எடுத்துட்டுதான் குடுக்கறாங்க. பிளாட்பேக் விஎல்சி தனக்கு வேண்டிய கோடெக்க தானே மூட்டை கட்டி எடுத்துட்டு வருது, அதனாலதான் அதுல மட்டும் ஓடுது. மத்த பிளேயரெல்லாம் ஓடணும்னா ஆர்பிஎம் ஃபியூஷன்ங்கிற ரெப்போவ, அதாவது சாஃப்ட்வேர் கிடங்க சேத்துட்டு, டிஎன்எஃப் ஸ்வாப்ங்கிற கமாண்ட் போட்டு எஃப்எஃப்எம்பெக் ஃப்ரீங்கிற பேக்கேஜ எடுத்துட்டு முழு எஃப்எஃப்எம்பெக்க வைங்க, கடைசியில ரெண்டு ஹைஃபன் போட்டு அலவ் எரேசிங்னு சேக்கணும். உபுன்டுகாரங்களுக்கு உபுன்டு ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ்னு ஒரே பேக்கேஜ்ல வேலை முடிஞ்சிடும்.

எம்பி3க்கும் ஒரு காலத்துல இதே கதைதான், புதுசா லினக்ஸ் போட்டவுடனே பாட்டு ஓடாது, அதுக்குன்னு தனியா உக்காந்து தேடணும். 2017 ஏப்ரல்ல, எம்பி3 பேட்டன்ட் வச்சிருந்த ஜெர்மன் ஆராய்ச்சி நிறுவனம் ஃப்ரான்ஹோஃபர், அதுக்குக் காசு வாங்குற லைசென்ஸ் திட்டத்தையே முடிச்சுக்கிட்டாங்க, இப்ப எம்பி3 எல்லாத்துலயும் சாதாரணமா ஓடுது. எச்.264க்கும் அந்த நாள் வரணும்னு நான் மனசார ஆசைப்படுறேன்.

கேள்வி: எங்க கல்யாணம் 2003ல. மூணு விசிடில குடுத்தாங்க. லினக்ஸ் மின்ட்ல சிடிய போட்டா உள்ள எம்பெகேவின்னு ஃபோல்டர் தெரியுது, அதுல 600 எம்பிக்கு டிஏடின்னு முடியற ஒரு ஃபைலும் இருக்கு, காபி பண்ணா இன்புட் அவுட்புட் எரர். சிடி போயிடுச்சான்னு என் வீட்டுக்காரம்மா அழுகுறாங்க. (விருதுநகர் வாசகர்)

பதில்: மொதல்ல அவங்ககிட்ட சொல்லுங்க, சிடி போகலன்னு. நல்லா இருக்கிற விசிடியே லினக்ஸ்ல இப்படித்தான் எரர் காட்டும். காரணம் இதுதான்: சாதாரண டேட்டா சிடில ஒரு செக்டாருக்கு, அதாவது டேட்டாவ பிரிச்சு வைக்கிற ஒரு துண்டுக்கு, 2048 பைட் வரும், மிச்ச இடம் கீறல் விழுந்தா சரிபண்றதுக்கு. விசிடில படம் இருக்கிற டிராக்ல அந்த சரிபண்ற இடத்தையும் படத்துக்கே எடுத்துக்கிட்டு 2324 பைட் வச்சிருப்பாங்க, அப்பதான் ஒரு மணி நேரத்துக்கு மேல படம் கொள்ளும். லினக்ஸ் அத சாதாரண ஃபைல்னு நெனச்சு 2048, 2048ஆ படிக்கப் போகும், செக்டார் அந்த மாதிரி இல்லாததால எரர் குடுத்துடும்.

உடனே பாக்கணும்னா விஎல்சி தொறந்து மீடியா மெனுல ஓப்பன் டிஸ்க் போயி விசிடின்னு இருக்கிறத தேர்ந்தெடுங்க. எடுத்து வைக்கணும்னா விசிடி இமேஜர்ங்கிற பேக்கேஜ இன்ஸ்டால் பண்ணி, அதோட வர்ற விசிடிஎக்ஸ்ரிப்ங்கிற கமாண்ட ஓட்டுங்க, ஹைஃபன் பெரிய சி போட்டு சிடி டிரைவ் பேரு குடுக்கணும். ஏவிசீக்01 புள்ளி எம்பிஜின்னு முழு ஃபைல் வந்து நிக்கும். சிடில தூசி இருந்தா மெத்துன்னு இருக்கிற காட்டன் துணியால நடுவுல இருந்து வெளிய நேர் கோடா துடைங்க, வட்டமா தேய்க்கக் கூடாது. மூணு சிடியையும் இந்த வாரமே எடுத்துடுங்க, தள்ளிப் போடாதீங்க. 20 வருஷம் தாண்டுன சிடி, சரிபண்ற இடமும் குறைவு, இன்னொரு மழைக்காலம் தாங்குமான்னு யாராலும் சொல்ல முடியாது.

எடுத்த எம்பிஜிய எதுவும் பண்ணாம அப்படியே ரெண்டு இடத்துல வைங்க, அதான் உங்க கல்யாணத்தோட ஒரிஜினல். சொந்தக்காரங்களுக்கு போன்ல அனுப்ப மட்டும் தனியா எச்.264 எம்பி4 ஒண்ணு பண்ணிக்குங்க. பண்றப்ப ஒரு விஷயம், விசிடில படம் 352க்கு 288, ஆனா பழைய டிவியோட 4க்கு 3 அளவுல காட்டணும்னு எடுத்தது. அத கவனிக்காம மாத்துனா பந்தியில உக்காந்திருக்கிற எல்லாரும் லேசா ஒல்லியா, மொகம் நீண்டு தெரிவாங்க. ஹைஃபன் விஎஃப் போட்டு ஸ்கேல் 384க்கு 288, கமா, செட்எஸ்ஏஆர் 1னு குடுத்தா மாலை மாத்துறப்ப மொகமெல்லாம் அவங்கவங்க மொகமா இருக்கும். 1080க்கு பெருசாக்கித் தர்றேன்னு யாராவது சொன்னா வேணாம்னுடுங்க, இல்லாத விவரம் எங்கிருந்தும் வராது.

கேள்வி: 128 கேபிபிஎஸ்ல இருக்கிற எம்பி3 பாட்ட 320க்கு கன்வெர்ட் பண்ணா தரம் கூடுமா? (கோவை மாணவர்)

பதில்: கூடாது தம்பி, கொஞ்சம் குறையும், ஃபைல் மட்டும் ரெண்டரை மடங்கு ஆகும். 128 ஆக்குனப்பவே தூக்கிப் போட்ட சத்தம் போனதுதான். நான் இத ரொம்ப வலியோட கத்துக்கிட்டேன். எங்க அத்தை பாடுன நலங்குப் பாட்டு வேவ் ஃபைலா என்கிட்ட இருந்துச்சு, 2006ல ஹார்ட் டிஸ்க்ல இடம் இல்லன்னு 32 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கிட்டு ஒரிஜினல அழிச்சிட்டேன். அத்தை இப்ப இல்ல. அவங்க மேல எடுத்துப் பாடுற இடத்துல குரல் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி கேக்கும், எத்தனை சாஃப்ட்வேர் போட்டும் அது சரியாகல. சின்னதா வேணும்னா சின்னதா இன்னொண்ணு பண்ணுங்க, ஒரிஜினல தொடாதீங்க.

கேள்வி: எங்க பாட்டி நடவுப் பாட்டும் தாலாட்டும் பாடுன கேசட் நாலு பரண்ல கெடைச்சது. கம்ப்யூட்டர்ல ஏத்தணும், உபுன்டு வச்சிருக்கேன். எப்படின்னு கொஞ்சம் விவரமா சொல்லுங்க. (புதுக்கோட்டை வாசகி)

பதில்: இந்தக் கேள்விய பாத்ததும் அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சுங்க. கம்ப்யூட்டர் பக்கம் போறதுக்கு முன்னாடி கேசட்டோட மேல் ஓரத்துல ரெண்டு பக்கமும் சின்ன பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும், அத ரெண்டையும் ஒடச்சு விட்டுடுங்க, அப்ப தெரியாம ரெக்கார்ட் பட்டன அழுத்துனாலும் பாட்டி குரல் அழியாது. டேப் ரெக்கார்டர் ஹெட்ட பஞ்சுல ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு துடைங்க, பழுப்பா அழுக்கு வரும், பஞ்சு வெள்ளையா வர்ற வரைக்கும் துடைங்க. மொதல்ல வேண்டாத ஒரு கேசட்ட ஓட்டிப் பாத்து டேப்ப திங்காம இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் உங்க கேசட்ட போட்டு ஒரு தடவை முழுசா முன்னாடி ஓட்டி, திரும்ப சுத்துங்க, பல வருஷமா ஒட்டிக்கிட்டு இருக்கிற டேப் கொஞ்சம் தளரும்.

லேப்டாப்ல இருக்கிற ஒத்தை ஓட்டை ஹெட்ஃபோனுக்கும் மைக்குக்குமானது, அதுல குடுத்தா சத்தம் பிளந்து வரும், அதனால லைன் இன், அதாவது டேப் ரெக்கார்டர் மாதிரி சாதனத்தோட சத்தத்த வாங்குற ஓட்டை இருக்கிற யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒண்ணு வாங்கிக்குங்க. டேப் ரெக்கார்டரோட ஹெட்ஃபோன் ஓட்டையில இருந்து அதுக்கு ஒயர். உபுன்டுல பல்ஸ் ஆடியோ வால்யூம் கன்ட்ரோல்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அதத் தொறந்து இன்புட்ல அந்த கார்டு தெரியுதான்னு பாருங்க, நிறைய பேர் இங்கதான் மாட்டிக்கிறாங்க. அப்புறம் ஆடாசிட்டிங்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல 44100 ஹெர்ட்ஸ் வச்சு ரெக்கார்ட் பண்ணுங்க. பாட்டி குரல் உச்சத்துக்குப் போறப்ப மீட்டர் மைனஸ் 6 டெசிபல் பக்கத்துல நிக்கற மாதிரி டேப் ரெக்கார்டர் வால்யூம வைங்க. கேசட் ஓடுற நேரம் முழுசும் ஆகும், வேகமா ஏத்த குறுக்கு வழி இல்ல, 60 நிமிஷ கேசட்டுன்னா பக்கத்துக்கு 30 நிமிஷம் கூடவே உக்காந்துதான் கேக்கணும்.

முடிஞ்சதும் ஃபிளாக்ங்கிற ஃபைல் வகையில சேமிங்க. வேவ் மாதிரியே ஒரு துளி போகாது, ஆனா இடம் ஏறக்குறைய பாதிதான் எடுக்கும். வாட்ஸப்ல அனுப்ப அதுல இருந்து 64 கேபிபிஎஸ் மோனோ எம்பி3 ஒண்ணு எடுங்க, ஒரு மணி நேரத்துக்கு 29 எம்பிதான் வரும். இரைச்சல் எடுக்கிறது எல்லாம் அந்தக் காபில பண்ணிக்குங்க, ஃபிளாக்ல வேணாம். பாட்டுக்கு நடுவுல பாட்டி இருமுறது, யாரோ கூப்பிடுறது, ஆடு கத்துறது எல்லாம் கேக்கும், அதையும் வெட்டாம அப்படியே விடுங்க.