செல்வத்தின் எழுத்துக்கு என்ன நிறம்?

கேள்வி: நான் பொழுதுபோக்காக ஓவியம் தீட்டுபவள். நார்ஸ் மக்களின் (பண்டைய ஸ்காண்டிநேவியர்) ரூன் எழுத்துகளில் முதலாவதான 'ஃபெஹு' செல்வத்தைக் குறிக்கும் என்று படித்ததால், குவிந்துகிடக்கும் தங்கக் காசுகளின் நடுவே அவ்வெழுத்து ஒளிர்வதுபோல் வரையத் தொடங்கியிருக்கிறேன். இது பொருந்துமா? எழுத்துக்கு எந்த நிறம் இடலாம்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: காசுகளை அழித்துவிடுங்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது. ஃபெஹு என்பதன் அடிப்படைப் பொருள் கால்நடை. இன்றைய ஜெர்மன் மொழியில் கால்நடையைக் குறிக்கும் 'ஃபீ' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். மாட்டின் பெயர் செல்வத்துக்கும் ஆகிவருவது நமக்குப் புதிதன்று. 'மாடல்ல மற்றை யவை' என்னும் குறளில் மாடு என்பதற்குச் செல்வம் என்றுதானே பொருள் கொள்கிறோம்! ஆகவே இவ்வெழுத்து சுட்டும் செல்வம் உயிருள்ளது, தீனி கேட்பது, ஒரே இரவில் களவுபோகக்கூடியது. நிமிர்ந்த கோலிலிருந்து வலப்பக்கம் மேல்நோக்கிச் சாயும் இரு கோடுகளில் மாட்டுக் கொம்பைக் காண்போர் உண்டு. அது அழகான கற்பனை, அவ்வளவே. ரூன்களில் கிடைக்கோடு அரிதாக இருப்பதற்கு, மரத்தில் செதுக்கும்போது அத்தகைய கீறல் மரத்தின் ரேகையோடு கலந்து மறைந்துவிடும் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் காரணம். எனவே கோடுகளை வளைத்து அழகுபடுத்தாமல் கத்தியால் கீறியதுபோல் விடுவது நல்லது.

உங்களுக்கு உண்மையில் உதவக்கூடியவை, ஒவ்வொரு ரூனின் பொருளையும் சொல்லும் பழைய ரூன் பாடல்களே. செல்வம் உறவினருக்குள் பகை மூட்டும் என்று தொடங்கும் நார்வேப் பாடல், அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று விளக்காமலே, ஓநாய் காட்டில் வளர்கிறது என்று அடுத்த அடியில் சொல்லிவிடுகிறது. ஐஸ்லாந்துப் பாடலோ இதே எழுத்தைக் கடல்வெள்ளத்தின் தீ என்றும் பாம்பின் பாதை என்றும், பொன்னுக்கு வழங்கிய மறைமொழிகளால் அழைக்கிறது. மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில் காட்டிருள், அவ்விருளில் இரண்டு கண்கள் என்று வரைந்தாலே எழுத்தின் பொருள் வந்துவிடும்.

நிறம் சிவப்பாகட்டும். ஸ்வீடனின் ஊவர்செலோவில் உள்ள 11ஆம் நூற்றாண்டு ரூன் கல்வெட்டொன்று தன்னை ரூன்களால் சிவந்ததாகவே கூறிக்கொள்கிறது. இன்று அந்நாட்டுக் கற்களில் பளிச்சென்று தெரியும் சிவப்பு பெரும்பாலும் அண்மைக்காலத்தில் பூசப்பட்டதுதான். ஆயினும் சில கற்களில் பழைய ஈயச் செந்தூரத்தின் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. ஈயம் கலந்த அந்நிறம் நஞ்சு என்பதால், வீட்டில் வரையும் உங்களுக்குச் செங்காவியே போதும்.