பிரபலமானவர்களை நேரில் சந்தித்தால் ஏமாற்றம்தான் மிஞ்சுமா?

கேள்வியைக் கேட்டிருக்கும் விதத்திலேயே தெரிகிறது. யாரையோ ஆசையாகப் பார்க்கப் போயிருக்கிறீர்கள். அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வருத்தத்தில்தான் இப்படிக் கேட்கிறீர்கள்.

நான் கொங்குப் பக்கத்துச் சபைகளில் ஆயராக இருந்து ஓய்வு பெற்றவன். பொள்ளாச்சி, தாராபுரம், கோபி, ஈரோடு என்று மாற்றல் வந்த இடத்துக்கெல்லாம் குடும்பத்தோடு போனவன். பாஸ்டர்கள் என்றாலே பெரிய மனிதர்களோடு படம் எடுத்து மாட்டிக்கொள்பவர்கள் என்று பேசுகிறவர்கள் உண்டு. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் வீட்டுச் சுவரில் அப்படி ஒரு படம்கூட இல்லை.

பள்ளிப் பையனாக இருந்தபோது ஜி.டி. நாயுடுவைக் கோவையில் பார்த்தேன். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பஸ்ஸோடு தொழிலைத் தொடங்கியவர். உபதேசியாராக இருந்த என் அப்பா கும்பிட்டார், அவரும் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான். பல ஆண்டுகள் கழித்து, கோவை ரயில் நிலையத்தில் சி. சுப்பிரமணியம். டெல்லியில் அமைச்சராக இருந்தபோது தன் பங்களாப் புல்வெளியிலேயே புதிய கோதுமை ரகத்தை விதைத்துக் காட்டியவர். நான் பொள்ளாச்சியிலிருந்து வருகிறேன் என்றதும் மழை எப்படி என்று விசாரித்தார், தேங்காய் விலையைக் கேட்டார். அதற்குள் ரயில் வந்துவிட்டது. இரண்டிலும் எனக்கு ஏமாற்றம் இல்லை.

நான் சொல்ல வந்தது டாக்டர் ஜி. வெங்கடசாமியைப் பற்றி. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர். அந்த மருத்துவமனை 1997இல் கோவைக்கும் வந்தது. அப்போது நான் தாராபுரம் பக்கம் இருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் நடத்தினோம். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்து, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சோதித்து, புரை முற்றியவர்களை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றினார்கள். அறுவை சிகிச்சை, சாப்பாடு, திரும்பக் கொண்டுவந்து விடுவது, எதற்கும் காசு கிடையாது. காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பாட்டி நான் கூட வந்தால்தான் பஸ் ஏறுவேன் என்று பிடிவாதமாக நின்றதால் நானும் போனேன்.

மறுநாள் காலை வராந்தாவில் எங்கள் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளை உடையில் ஒரு முதியவர் மெதுவாக நடந்து வந்தார். படங்களில் பார்த்திருந்ததால் எனக்கு அடையாளம் தெரிந்தது. பாட்டிக்குத் தெரியவில்லை. அவர் பாட்டியின் முன் குனிந்து, கையைப் பிடித்துக்கொண்டு, எந்த ஊர், சாப்பிட்டாயா என்று கேட்டார். பாட்டி பதில் சொல்லவில்லை. புரை விழாத கண்ணால் அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த விரல்கள் கோணிப்போனவை. இளம் வயதில் இராணுவ மருத்துவராக இருந்தபோது வந்த முடக்குவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. அதே விரல்களைப் பழக்கித்தான் கண் அறுவைக்குக் கத்தி பிடித்தார், தன் கையால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் செய்தார். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 1976இல், 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கினார். பாட்டிக்கு இது எதுவும் தெரியாது. கைக்கு வைத்தியம் எதுவும் பார்க்கவில்லையா என்று அவரையே விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். விளக்கெண்ணெயைச் சூடுபண்ணி, எந்த இலையை வதக்கிக் கட்ட வேண்டும், எத்தனை நாள் கட்ட வேண்டும் என்று அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் குனிந்தபடியே கேட்டார். தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போனார். நான் அங்கியோடு பக்கத்தில்தான் நின்றேன். என்னை அவர் கவனிக்கவே இல்லை. அதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

அரவிந்தரைக் குருவாகக் கொண்ட ஒருவரை ஒரு கிறிஸ்தவ ஆயர் புகழலாமா என்று கேட்பீர்கள். எரிகோ வழியோரத்தில் பார்வையற்ற பர்திமேயுவுக்காகக் கூட்டத்தை நிறுத்தியவர் எங்கள் ஆண்டவர். அந்தக் கதையைப் பிரசங்கம் செய்துகொண்டே, அன்று கண்ணெதிரே நடந்ததைச் சொல்லாமல் விட என்னால் முடியாது. ஐந்து நிமிடத்தில் ஒருவரை எடைபோட முடியுமா என்பீர்கள். முழு மனிதரையும் அறிந்துவிட்டேன் என்று நான் சொல்லவில்லை. அந்த ஐந்து நிமிடத்தைத்தான் சொல்கிறேன்.

அந்த முகாமை ஞாயிற்றுக்கிழமை வைத்ததற்கு எங்கள் சபைக் கமிட்டியிலேயே எதிர்ப்பு இருந்தது. ஆராதனையைக் காலை ஆறரை மணிக்கு மாற்றிச் சமாளித்தேன். நோயாளிகளுக்காக ஞாயிறை விட்டுக்கொடுப்பதில் தவறே இல்லை. ஆனால் வேலைத் தேர்வுகளை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வைக்கிறார்களே, அதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. எங்கள் பிள்ளைகள் ஆராதனையை விடுவதா, வேலையை விடுவதா என்று தவிக்கிறார்கள். எழுதிக் கேட்டோம், பதில் வரவில்லை. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். மனத்தில் கிடந்தது, எழுதிவிட்டேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பிரபலம் உங்களிடம் பேசாததை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். அன்று அவருக்குக் கதவு திறந்தவரிடம், தண்ணீர் கொடுத்த பையனிடம் எப்படி நடந்துகொண்டார் என்று நினைவிருக்கிறதா? அவர்களிடமும் எரிந்து விழுந்திருந்தால் உங்கள் கோபம் நியாயமானது.