மாடியில் இருக்கும் சோலார் வாட்டர் ஹீட்டரிலேயே 150 டிகிரி நீராவி எடுக்க முடியுமா?

தட்டைத் தகடு ஹீட்டர் என்றால் முடியாது. அதில் வெயில் விழும் பரப்பு முழுக்கச் சூடாகிறது; சூடு ஏற ஏற, வாங்கிய வெப்பம் அதே பரப்பு வழியாக வெளியே ஓடுகிறது. ஒரு கட்டத்தில் வரவும் செலவும் சரியாகிவிடும். பெரிய கண்ணாடியில் வெயிலை வாங்கிச் சின்னக் குழாயில் குவித்தால், வெப்பம் தப்பிக்க இடம் குறைவு. அதுதான் சூட்சுமம்.

சரி, சூரியன் நகர்கிறதே? வழக்கமாகக் கண்ணாடியைத் திருப்புவார்கள். புதுச்சேரி பக்கம் ஆரோவிலில், சோலார் கிச்சன் என்ற பொதுச் சமையற்கூடத்தின் மாடியில் தலைகீழாக யோசித்தார்கள். 15 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கிண்ணம் அசையவே அசையாது. கோள வடிவம் ஒளியை ஒரே புள்ளியில் சேர்க்காது. சூரியனை நோக்கிய ஒரு கோட்டில் சேர்க்கும். அந்தக் கோட்டில் நிற்கும் குழாய் மட்டும் சூரியனோடு நகரும். நல்ல வெயிலில் சுமார் 1000 பேருக்குச் சமைக்க நீராவி வரும்படி அமைத்தார்கள்.

மேகம் மூடினால்? டீசல் பாய்லர்தான். மூட்டமான நாளில் பூதக்கண்ணாடியால் காகிதத்தைக் கருக்க முடியாதல்லவா, அதே கதை.

ஒரு வீட்டுக்கு இதெல்லாம் வீண் செலவு. ஹாஸ்டல், சாயப்பட்டறை என்றால் யோசிக்கலாம். ஆனால் கண்ணாடியைத் துடைக்க ஆள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.