கெவ்லார் நூலில் மின்சாரம்: பாலிமர் பூச்சா, உலோக முலாமா?

கேள்வி: விமானம், சிறு செயற்கைக்கோள் கேபிள்களுக்கு எடை குறைந்த ஷீல்டிங் (மின்காந்த இரைச்சலைத் தடுக்கும் உறை) பின்னல் செய்வது என் முதுகலை ஆய்வு. கெவ்லார் என்ற வலுவான செயற்கை இழை நூலில், மின்சாரம் கடத்தும் பாலிமரான பாலிஅனிலினைப் பூசினேன். மின்சாரம் கடத்துகிறது, ஆனால் போதவில்லை. வளைத்தால் இன்னும் குறைகிறது. பூச்சைத் தடிமனாக்கலாமா, கார்பன் நானோகுழாய் (மிக நுண்ணிய கார்பன் குழல்) கலக்கலாமா, உலோக முலாமுக்கே போய்விடலாமா?

பதில்: கேபிள் ஷீல்டிங்தான் இலக்கு என்றால் முலாமுக்குப் போங்கள். மின்சாரம் கடத்தவைக்கும் அமிலத்தைப் பாலிஅனிலினில் எவ்வளவு நன்றாக ஏற்றினாலும், சாதாரணமாகக் கிடைக்கும் கடத்துத்திறன் சென்டிமீட்டருக்குச் சில சீமன்ஸிலிருந்து சில நூறு வரைதான். செம்புக்கு அது 5.8 லட்சம். இந்த இடைவெளியைத் தடிமனால் அடைக்க முடியாது. மேலும், தடிமனான பூச்சுதான் வளைக்கும்போது முதலில் விரிசல் விடும்.

பாலிஅனிலின் வீண் என்று சொல்லவில்லை. நிலைமின்சாரத்தை மெல்ல வடியவிட, மேற்பரப்புத் தடை சதுரத்துக்குப் பத்து லட்சம் முதல் நூறு கோடி ஓம் வரை இருந்தாலே போதும். அதற்கு உங்கள் நூல் தாராளம். 2011இல் கிளம்பிய ஜூனோ விண்கலத்தில் கார்பன் நானோகுழாய்த் தாளை வைத்ததும் நிலைமின்சாரப் பாதுகாப்புக்குத்தான். மறுகோடியில் மின்னல் இருக்கிறது. விமானச் சோதனையில் அதன் உச்சம் 2 லட்சம் ஆம்பியர். அந்த வேலைக்கு முலாம் பூசிய நூலும் பத்தாது, செம்பு வலைதான் வேண்டும். உங்களுடையது இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வேலை.

நானோகுழாயைப் பொறுத்தவரை, பாலிமரில் தூளாகக் கலப்பதும் நானோகுழாயையே இழையாக நூற்பதும் வேறு வேறு. முதலாவதில் குழாய்க்குக் குழாய் தாவும் இடத்திலெல்லாம் தடை கூடும்; உங்களுக்கு அது உதவாது. இரண்டாவதில் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகக் குழு 2021இல் 4.2 கிகாபாஸ்கல் வலிமையும் செம்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கடத்துத்திறனும் காட்டியது. எடைக்கு எடை பார்த்தால் செம்பை நெருங்கிவிட்டது. ஆனால் அதை குளோரோசல்ஃபோனிக் அமிலத்தில் கரைத்து நூற்க வேண்டும். கல்லூரி ஆய்வகத்தில் அதில் கைவைக்க நான் சொல்ல மாட்டேன்.

சரி, முலாமுக்கு வருவோம். கெவ்லார் மேல் பூசிய அராகான், சைலான் என்ற இன்னொரு வலுவான இழை மேல் பூசிய ஆம்பர்ஸ்ட்ராண்ட் என்று முன்னோடித் தயாரிப்புகள் உண்டு. தொடங்கும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். 12 மைக்ரான் கெவ்லார் இழையைச் சுற்றி 1 மைக்ரான் செம்பு ஏற்றினால் எடை மூன்று மடங்குக்கு மேலாகிறது! அப்படியும் அதே பருமனுள்ள செம்புக் கம்பியின் எடையில் 40 சதவீதத்தைத் தாண்டாது. உயர் அதிர்வெண் ஷீல்டிங்குக்கு மெல்லிய படலமே போதும் என்பது உங்களுக்குச் சாதகம்: 1 கிகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேல் 2 மைக்ரானுக்குள்ளேயே பெரும்பாலும் அடங்கிவிடும். 1 மெகாஹெர்ட்ஸிலோ அந்த ஆழம் 66 மைக்ரான். ஆகவே எந்த அதிர்வெண்ணுக்கு ஷீல்டிங் என்பதை வழிகாட்டியிடம் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். முலாமின் தடிமன் அதைப் பொறுத்தது.

உண்மையான தலைவலி ஒட்டுதலில்தான். கெவ்லார் மேற்பரப்பு வழுவழுப்பானது, வேதியியல் ரீதியாக மந்தமானது. அமிலத்தில் அரித்தால் பிடிப்பு வரும், வலிமை போகும். எனவே பிளாஸ்மா (மின்னூட்டம் பெற்ற வாயு) கருவி கிடைத்தால் அதையே முதலில் முயலுங்கள். அப்புறம் உலோகப் படிவைத் தொடங்கிவைக்கும் பல்லேடியம் ஏற்றி, மின்சாரம் இல்லாமல் படியும் எலக்ட்ரோலெஸ் நிக்கலை மெல்லிசாக ஓட்டி, அதன் மேல் செம்பு, கடைசியில் துருப் பிடிக்காதிருக்க மறுபடி நிக்கலோ வெள்ளியோ. பாஸ்பரஸ் கலந்த நிக்கலின் தடை செம்பைவிடப் பல மடங்கு என்பதால் நிக்கலோடு நிறுத்திவிடாதீர்கள். முறுக்கேற்றிய நூலை அப்படியே தொட்டியில் இறக்கினால் உள் இழைகள் மொட்டையாக நிற்கும். முறுக்கில்லாத நூலை வாங்கி, இழைகளை விரித்து ஓட்டுங்கள்.

ஒட்டியது நீடிக்குமா என்பது வெப்பத்தில் தெரியும். சூடேறினால் செம்பு நீளும், கெவ்லாரோ நீளவாட்டில் லேசாகச் சுருங்கும். 100 டிகிரி மாறினால் இரண்டுக்கும் இடையே சுமார் 0.2 சதவீத இழுபறி. தாழ்சுற்றுப்பாதையில் சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்பதால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 முறை வெயிலும் நிழலும் மாறும். வலிமையைத் தனியாக, மின்தடையைத் தனியாக அளந்த பல அறிக்கைகளை நான் நம்புவதில்லை. இழுவிசைக் கருவியில் மாட்டியபடியே நான்கு முனை முறையில் (இரண்டு முனைகளில் மின்னோட்டம், மற்ற இரண்டில் மின்னழுத்தம்) தடையை அளந்து, அதே நூலை வெப்பச் சுழற்சிக்கும் வளைவுக்கும் உட்படுத்திய பின் மறுபடி அளவிடுங்கள்.

செயற்கைக்கோளுக்கு என்றால் இன்னொன்றும் உண்டு: வெற்றிடத்தில் 125 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் வைத்து, எடை இழப்பு 1 சதவீதத்துக்குள்ளும் ஆவியாக வெளியேறிக் குளிர்ந்த பரப்பில் ஒடுங்கிப் படியும் பொருள் 0.1 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். கெவ்லார் ஈரம் உறிஞ்சும் ரகம். நூலை முலாமுக்கு முன்பே நன்றாக உலர்த்துங்கள். முலாம் தொட்டியில் மறுபடி நனையும் என்பதால் பின்பும் ஒருமுறை வெற்றிட அடுப்பில் வையுங்கள்.